கோலனுக்கு முன்னால் ஓர் இடைவெளி

தட்டாஞ்சாவடி பேக்கிங் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தபோது உப்பளத்தில் இருக்கும் எங்கள் சாஃப்ட்வேர் ஆபீசில் நான்தான் எடுத்தேன்.

"மேடம், ஸ்டாப் பட்டன அழுத்தறோம், மிஷின் நிக்கவே மாட்டேங்குது. மெயின ஆஃப் பண்ணித்தான் நிறுத்தனோம். நல்லவேள, யாருக்கும் அடிபடல."

அவர்கள் புரோகிராமில், எத்தனை நொடியில் மிஷின் நிற்க வேண்டும் என்ற எண் தவறுதலாக மைனஸில் இருந்தது. அதை எரர் என்று தடுக்க வேண்டியது, புரோகிராமை மிஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் எங்கள் கம்பைலர். தடுக்கவில்லை.

கம்பைலருக்கு டெஸ்ட் எழுதியவர் லூயி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், அதிகம் பேசமாட்டார். வேண்டுமென்றே ஒரு தப்பான புரோகிராம் எழுதி, பக்கத்தில் கமெண்டாக 'எரர்:' என்று போட்டு, இங்கே இன்ன எரர் வர வேண்டும் என்று குறிப்பதுதான் வேலை. அந்தக் கமெண்டுக்கு டைரக்டிவ் என்று பெயர். டெஸ்ட் ஃபைலை வரிவரியாகப் படிக்கும் பார்சர் என்ற புரோகிராம் அதை எடுத்துக்கொள்ளும். சொன்ன எரர் வந்தால் டெஸ்ட் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

மீட்டிங்கில் மேனேஜர் லூயியிடம் கேட்டார்: "மைனஸ டெஸ்ட் பண்ணியா, இல்லயா?"

"பண்ணேன் சார். ஃபைல் இருக்கு."

"இருந்தா எப்படிப் பச்சையா வரும்? சும்மா பேருக்கு எழுதி வச்சிருக்க."

லூயி ஃபைலைத் திறந்து பார்த்தார். நானும் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டார்.

சில மாதம் கழித்து, பார்சரில் புது டைரக்டிவ் ஒன்றைச் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொரு ஃபைலிலும் அது எத்தனை டைரக்டிவ் எடுக்கிறது என்று அச்சிட்டுப் பார்த்தேன். லூயியின் ஃபைல்கள் அத்தனையிலும் பூஜ்யம். பிரெஞ்சில் எழுதுகிற பழக்கத்தில் அவர் 'எரர் :' என்று கோலனுக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டிருந்தார். ஒட்டிய கோலனை மட்டுமே தேடிய பார்சர், அவற்றைச் சாதாரண கமெண்ட் என்று தாண்டிப் போயிருக்கிறது. சோதிக்க எதுவும் இல்லாததால் பச்சை. இடைவெளியையும் ஏற்கும்படி பார்சரை மாற்றி, அன்றைய பழைய கம்பைலரில் ஓட்டினேன். மைனஸ் டெஸ்ட் உடனே சிவப்பானது.

மேனேஜரிடம் காட்டினேன். "அதான் ஃபிக்ஸ் பண்ணிட்டீங்கல்ல, விடுங்க" என்றார்.

தவளக்குப்பத்தில் தன் மச்சானின் டைல்ஸ் கடையில் இருந்தார் லூயி. தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நான் எழுதனது சரிதானாக்கா?"

"சரிதான் லூயி. பார்சர்தான் அத படிக்கவே இல்ல."

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"திரும்பி வாங்க. நான் பேசறேன்."

"வேணாங்கா. நானே என்ன நம்பாம போயிட்டேன். இனிமே அந்த சீட்ல உக்கார முடியாது."

வாடிக்கையாளர் கூப்பிட, எழுந்து போனார்.

ஒரு டைரக்டிவ்கூட இல்லாத ஃபைல் சிவப்பாகிவிடும்படி இப்போது மாற்றிவிட்டேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் சொல்வேன்: எழுதிய டெஸ்ட் ஒருமுறையாவது சிவப்பாவதைக் கண்ணால் பாருங்கள், அதற்குப் பிறகு பச்சையை நம்புங்கள். அதைவிட முக்கியமாக, பச்சையைக் காட்டி ஒரு மனிதரைக் குற்றம் சொல்லாதீர்கள். பார்சரைச் சரிசெய்ய எனக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. லூயியை எங்களால் திரும்ப அழைத்துவர முடியவில்லை.