தம்பி போகாத பனித்தளம்

என் தம்பிக்கு இரண்டு கால்களும் சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிவிட்டன. கைகள் மட்டும் உலக்கை மாதிரி. வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் எஸ்.டி.டி. பூத் வைத்து, அங்கேயே குடியிருந்தான். நான் எழுமலைப் பக்கம் எங்கள் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். தெரிந்தவரை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் அவன் பூத்துக்குப் போன் பேச வருவார். அவர்தான் கால் இல்லாதவர்கள் ஆடும் பனி ஹாக்கியைப் பற்றிச் சொல்லி, ஆட்களையும் சேர்த்து, பயிற்சியாளராகவும் இருந்தார். மூடிக்கிடந்த ஒரு மில்லின் சிமெண்டுத் தரையில் பயிற்சி. பலகைக்கு அடியில் பேரிங் சக்கரம் பூட்டி, அதில் உட்கார்ந்து இடுப்பை பெல்ட்டால் கட்டிக்கொள்வார்கள். இரண்டு கையிலும் குட்டைக் கம்பு. கம்பின் ஒரு முனையால் தரையை உந்திப் போகவேண்டும், மறுமுனையால், பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டை அடிக்கவேண்டும். நிஜப் பனியில் சக்கரத்துக்குப் பதில் கத்தி மாதிரி இரும்பு இருக்குமாம்.

முதல் தடவை பார்க்கப் போனபோது கேலியாகக் கேட்டேன்.

“மதுரையில பனிக்கட்டிக்கு எங்கடா போவீக? மீன் மார்க்கெட்டுக்கா?”

தம்பி சிரித்தான். பக்கத்தில் அவன் கூட்டாளி, பஸ் விபத்தில் காலை இழந்த தையல்காரர், முந்திக்கொண்டார். “இல்லண்ணே, ஜிகர்தண்டா கடையில சொல்லி வச்சிருக்கோம். மிச்சம் விழுந்தா தருவாக.”

பிறகு தம்பி பலகையில் உட்கார்ந்து ஒரு உந்து உந்தினான். அந்தக் கோடியில் போய் நின்றான். அதுவரை அவன் தவழ்ந்து பார்த்திருக்கிறேன், கட்டையூன்றி நடந்து பார்த்திருக்கிறேன். வேகமாகப் போய்ப் பார்த்ததில்லை.

இரண்டு வருடம் கழித்து ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தது. பல நாட்டு அணிகள் ஆடும் போட்டி. புதிதாக ஆடுகிறவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது. ஒரு புதன்கிழமை காலை மதுரையில் ரயில் ஏறவேண்டும்.

அதற்கு முந்தின நாள் எங்கள் ஊரில் மாசித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிந்து அவிழ்க்கும்வரை, எட்டு நாளைக்கு, ஊர் எல்லைக்கு வெளியே யாரும் இரவு தங்கக்கூடாது. கட்டுகிற நேரத்தில் ஊருக்குள் இருக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும், விருந்தாளியாக வந்தவனுக்கும் சேர்த்து. எங்கள் அப்பா ஒரு வருடம் இதை மீறி, மாடு பிடிக்கச் சந்தைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அந்த மாதம்தான் தம்பிக்குக் காய்ச்சல் கண்டு கால் போனது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்.

இதெல்லாம் தெரிந்தும் நான்தான் அவனை வரச்சொன்னேன். எங்கள் ஊர் அம்மன், ஆத்தாளிடம் திருநீறு வாங்காமல் கடல் தாண்டக்கூடாது என்று எனக்கு நினைப்பு. வழக்கமாக இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் கட்டுவார்கள். மதியம் வந்தான், கும்பிட்டான், உடனே நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினான். நான் விடவில்லை. “கோழி அடிச்சிருக்குடா. இனி எப்பச் சாப்பிடப் போற? ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்கு.”

அவன் இலையில் உட்கார்ந்திருக்கும்போது கொட்டுச் சத்தம் கேட்டது. கொட்டுக்காரர்கள் இன்னொரு ஊருக்கும் போகவேண்டுமாம். பொழுது இறங்குமுன்னே கட்டிவிட்டார்கள்.

தம்பி கையைக் கழுவிவிட்டு ஊன்றுகட்டையை எடுத்தான்.

“எங்கடா?”

“பஸ்ஸுக்கு.”

“காப்புக் கட்டியாச்சுடா.”

“நான் டவுன்ல இருக்கவன்ணே. எனக்கு எதுக்கு இந்த ஊருக் காப்பு?”

“ஒன் மதினி நிறைமாசமா இருக்கா. அப்பா தாண்டுனதுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?”

“என் கால் போனது போலியோல. சொட்டு மருந்து குடுக்காம விட்டதுல. ஆத்தா என்ன பண்ணுவா, பாவம்.”

நான் கதவை அடைத்து நின்றேன். என்னைத் தள்ளிவிட்டுப் போகும் பலம் அவன் கைகளில் இருந்தது. தள்ளவில்லை. என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்பதைப் பார்த்தான். ஊன்றுகட்டையைக் கீழே வைத்தான்.

ஊரில் இருந்த பூத்துக்குப் போய் பயிற்சியாளரிடம் அவனே பேசினான். கூடவே நின்று கேட்டேன். “கடுமையான காய்ச்சல் சார். எந்திரிக்கவே முடியல. எனக்குப் பதிலா, விசா வாங்கி வச்சிருக்க அந்த மாத்து ஆளக் கூட்டிப் போங்க.” ஊரைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐந்தாம் நாள், ஊர்ப் பெரிய வீட்டு மகன் கார் ஏறிச் சென்னைக்குப் போனான். மூன்று இரவு தங்கிவிட்டு வந்தான். பூசாரியே அவன் கையில் எலுமிச்சம்பழம் கொடுத்து வழியனுப்பினார். நான் கோயிலுக்கு ஓடிப்போய்க் கேட்டேன்.

“எல்லாத்துக்கும் பரிகாரம் இருக்குப்பா,” என்றார் பூசாரி.

“என் தம்பிக்கு ஏன் சாமி சொல்லல?”

“நீ கேக்கலையே. அதோட, அவுக போறது தொழில் விசயம். ஒன் தம்பி வெளாடத்தான போறான்?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கேட்கவில்லை என்பது உண்மைதான். கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஐந்து நாளாக வாயைத் திறக்கவில்லை.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். ஆத்தா காத்தாள் என்றார்கள். நானும் அப்படித்தான் கும்பிடுகிறேன். ஆனால் அவள் என் தம்பியின் பயணத்தை வாங்கிக்கொண்டுதான் என் பிள்ளையைக் கொடுத்தாள் என்று யாராவது சொன்னால், அவர்கள் முகத்தில் துப்பத் தோன்றுகிறது. அது அவள் செய்ததில்லை, நான் செய்தது.

பிள்ளைக்குத் துணி எடுக்க மதுரைக்குப் போன அன்று தம்பியின் பூத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜப்பானிலிருந்து அந்தத் தையல்காரர் போனில் வந்தார். கத்திப் பேசியதால் எனக்கே கேட்டது.

“எல்லா மேட்ச்சும் தோத்துட்டோம் மாப்ள! ஆனா வழுக்குது பாரு… ஒரு உந்து, அம்புட்டுத்தான், நிக்கவே மாட்டேங்குது!”

“சத்தம் எப்படிரா இருக்கு? இரும்பு உரசுற சத்தம்?” என்று தம்பி கேட்டான்.

“துணி கிழிக்கிற மாதிரி இருக்கு.”

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். “சரி வையி, காசு ஏறும்,” என்று வைத்துவிட்டான்.

“அடுத்த தடவ போயிக்கலாம்டா,” என்றேன்.

“யாரு கூப்பிடுவா?” என்றான். அவ்வளவுதான். வெளியே காத்திருந்த ஆளை உள்ளே வரச்சொன்னான்.

யாரும் கூப்பிடவில்லை. பயிற்சியாளர் மறுபடி வெளிநாடு போய்விட்டார். மில்லை இடித்து வீட்டுமனை போட்டுவிட்டார்கள்.

தம்பி என்னோடு சண்டை போட்டதே இல்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொரு மாசிக்கும் அவனைத் திருவிழாவுக்கு அழைக்கிறேன். “காப்பை அவுத்த பெறகு சொல்லுண்ணே, வாரேன்,” என்பான். அவிழ்த்த பிறகு நானும் சொல்கிறேன். அவன் வந்ததில்லை.