கத்தரிப்பூ கலர் கர்ட்டன்

பால் காய்ச்சிய அன்று எங்கள் புது வீட்டு வாசலில் வந்து நின்ற ஜனங்களின் முகத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. சாவு வீட்டுக்குக்கூட யாரும் அப்படி வாயைப் பிளந்துகொண்டு வரமாட்டார்கள். அத்தனைக்கும் காரணம் நாங்கள் ஜன்னலுக்குப் போட்ட துணி!

அப்போது எனக்கு ஒன்பது வயது. பதுளைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்பாதான் தொழிற்சங்கத் தலைவர். அவரைத் தலைவராக்கியதே அம்மாதான் என்று மாமா கேலி செய்வார். பொய்யில்லை. கொழுந்து மலையில் கூடையும் முதுகுமாகப் பெண்களிடம் பேசிப் பேசி, போட்டிக்கு இருந்த அடுத்த சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்களையும் எங்கள் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தவள் அவள். தன் புருஷன் யாருக்கும் விலைபோக மாட்டார் என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்திருக்கிறாள்.

தோட்டத்தில் புது வீடுகள் கட்டினார்கள். எல்லாருக்கும் போதுகிற அளவுக்கு இல்லை. எங்களுக்கு ரோட்டோரத்து வீடே கிடைத்தது. லயம் என்கிற வரிசை வீட்டின் ஒற்றை அறையில், குறுக்கே பழைய சேலையைக் கட்டிப் படுத்துக் கிடந்தவர்களுக்கு ஹால், இரண்டு அறை, சமைக்கத் தனிக் குசினி! அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வோர் அறைக்கும் ஏற்ற துணியாகப் பார்த்துப் போடவேண்டும் என்று ஒரே பிடிவாதம். தேயிலைச் செடியின் மட்டம் பார்க்கிற கம்பை எடுத்து ஜன்னல்களை அளந்தாள். என்னையும் மாமாவையும் இழுத்துக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினாள்.

துணிக்கடைக்கார முஸ்லிம் நானா பாவம், கடையையே பிரித்துப் போட்டார். குசினிக்குப் புகை படிந்தாலும் தெரியாத காப்பிக்கொட்டை நிறக் கட்டம் போட்ட துணி எடுத்தோம். படுக்கிற அறை இரண்டுக்கும் வெளிச்சத்தை மறைக்கிற கனத்த துணி, கத்தரிப்பூ நிறத்தில். ஹாலுக்கு வெள்ளை. நாலு பேர் வந்து உட்காருகிற இடம் பளிச்சென்று இருக்கவேண்டுமாம்.

"அக்கா, நீ நம்ம வீட்டுக்கு எடுக்கிறியா, தொரை பங்களாவுக்கு எடுக்கிறியா?" என்றார் மாமா.

"ஏன், தொரை பொண்டாட்டி மட்டுந்தான் வெளிச்சத்த மறைச்சுக்கிட்டுப் படுக்கணுமா? போடா!"

அப்பா சங்கக் கூட்டத்துக்காகப் பண்டாரவளை போயிருந்தார். பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் சாயங்காலம் நாங்களே எல்லாவற்றையும் மாட்டினோம். அறை அறையாக உள்ளே நின்று அழகு பார்த்தோம். வெளியே போய் ஒருதரம் பார்க்க ஒருவருக்காவது தோன்றியிருக்கக் கூடாதா!

காலையில் லயத்து ஆட்கள் தட்டும் பழமுமாக வந்தார்கள். வந்தவர்கள் ரோட்டிலேயே நின்றுவிட்டார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று கேட்கப் போன மாமா, திரும்பி வீட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ அக்கா! கொடியில்ல தொங்கவிட்டிருக்கோம்!"

நானும் ஓடிப் போய்ப் பார்த்தேன். வீட்டு முகப்பில் வரிசையாக மூன்று ஜன்னல்கள். நடு ஹாலில் வெள்ளை, இரண்டு பக்கத்து அறைகளிலும் கத்தரிப்பூ நிறம். அடுத்த சங்கத்தின் கொடி அச்சு அசலாக அதுதான். ரோட்டில் போகிற பஸ்ஸுக்கெல்லாம் தெரிகிற மாதிரி, எங்கள் தலைவர் வீட்டில்!

"தலைவரு சங்கம் மாறிட்டாரா?" என்று யாரோ கேட்டார்கள். அந்த நேரம் பார்த்தா எங்கள் சங்கத்து மாவட்டப் பிரதிநிதியின் ஜீப் வந்து நிற்கவேண்டும்? அவர் அப்பாவையும் அதிலேயே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஜன்னல்களை ஒரு பார்வை பார்த்தார். அப்பாவை மட்டும் இறக்கிவிட்டு, பால்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் விறுவிறுவென்று குசினிக்குள் வந்தார். டம்ளர்களோடு நானும் அங்கேதான் நின்றேன். அடுப்பில் பால் இருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏங்க, சத்தியமா எனக்குத் தோணவே இல்லீங்க. துணி நல்லா இருந்துச்சுன்னுதான் எடுத்தேன்…"

அப்பா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"ஒனக்கு யாரு சொன்னா?" அவர் குசினிக் கதவைச் சாத்தினார். "ரோட்டோரத்து வீட்ட அந்தச் சங்கத்துக்காரங்க வாங்கிக் குடுத்தாங்கன்னு நான் இன்னும் அவங்க பக்கம் போயிடலியே! யோசிச்சுச் சொல்றேன்னுதானே சொல்லியிருக்கேன்!"

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. யாரோ முன்பின் தெரியாத ஆள் குசினிக்குள் வந்துவிட்ட மாதிரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. குலவை போட ஒருவரும் இல்லை.

பிறகு அவள் விடுவிடென்று போய் மூன்று ஜன்னலிலும் இருந்த துணியைப் பிடுங்கி எடுத்தாள். வாசலுக்கு வந்து, "தப்பு என்னோடதுங்க. கலரு பாக்காம எடுத்துட்டேன். அவருக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லாரும் உள்ள வாங்க" என்றாள். அம்மா சொன்னால் அந்தத் தோட்டத்தில் மறு பேச்சு கிடையாது. ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர் பொண்டாட்டிக்குக் கொடி தெரியவில்லையே என்று கேலி செய்துகொண்டே பால் குடித்தார்கள். பிரதிநிதியையும் மாமா போய்ச் சமாதானப்படுத்தினார். அப்பா தலைவராகவே இருந்தார்.

அம்மாதான் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், துணி துவைத்துப் போடுவாள், வாயைத் திறக்கமாட்டாள். அப்பா அவள் பின்னாலேயே சுற்றினார். அவர் குசினிக்கு வந்தால் அவள் ஹாலுக்குப் போனாள், ஹாலுக்கு வந்தால் அறைக்குப் போனாள். ஆசைப்பட்டு எடுத்த துணி வீணாய்ப் போன துக்கம் என்று நான் நினைத்தேன். ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கடை நானா மாத்திக் குடுப்பாரும்மா. வேற கலரு எடுப்போம். அப்பா ஒன்மேல கோவிக்க மாட்டாரு" என்று தேற்றினேன்.

"யாரு, அவரா? அவரா என்மேல கோவிக்கிறது?" என்றாள் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய தப்பைச் செய்தது இவள். அப்பா பாவம், துணியைப் பற்றி ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்படிப்பட்ட மனிதரோடு இவளுக்கு என்ன இத்தனை வீம்பு என்று நான் அப்பாவின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.