மைக்கில் வந்த விடுதலை

நம் நாடு அடிமை முறையை ஒருமுறை ஒழித்ததோடு நின்றுவிடவில்லை. வெள்ளைக்காரன் சட்டம் போட்டு ஒழித்தான். சுதந்திரம் வந்த பிறகு அரசியல் சட்டத்தில் எழுதி நாமே ஒழித்தோம். அதற்கப்புறமும் எங்கோ மிச்சமிருப்பதாகத் தெரியவந்து, கொத்தடிமைக்கென்று தனிச்சட்டம் போட்டு இன்னொரு முறை ஒழித்தோம். இந்தக் கடைசிச் சட்டப்படி கோட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். தாசில்தாராக ஓய்வு பெற்ற என்னைச் செங்கல்பட்டுக் கோட்டக் குழுவில் உறுப்பினராகப் போட்டார்கள். சட்டம் தெரிந்தவன் என்பதற்காக அல்ல, கூட்டத்துக்கு ஆள் குறைந்தது என்பதற்காக.

போன வருடம் எங்கள் குழு கல்பாக்கம் போகும் வழியில் ஒரு சவுக்குத் தோப்பைப் பார்வையிட்டது. அங்கே மரம் வெட்டுகிறவர்கள் இருளர் குடும்பங்கள். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். அது எப்போது கழியும் என்று கேட்டால் அவர்கள் முதலாளியைப் பார்த்தார்கள், முதலாளி வானத்தைப் பார்த்தார்.

"நெனச்சா வெளிய போக முடியுமா?" என்று குழு கேட்டது.

"போவோம் சார். மாசி மகத்துக்கு மாபலிபுரம் போவோம். வூட்டுக்கு ஒருத்தர் மட்டும் தோப்புலயே இருக்கணும்," என்றாள் அவர்களில் ஒருத்தி.

பதிலின் முதல் பாதி குழுவுக்குப் போதுமானதாக இருந்தது. ஒருவர் ஏன் இருக்க வேண்டும் என்று நான் கேட்டேன். முதலாளி சிரித்தார். "அது அவங்க வழக்கம் சார். அவங்க பண்பாட்டுல நாம எதுக்குத் தலையிடணும்?" பண்பாடு என்ற சொல் காதில் விழுந்ததும் குழு எழுந்து டீ குடிக்கப் போனது. நானும்தான் போனேன்.

டீ கொடுத்த அறையில் முதலாளியின் தாத்தா படமாகத் தொங்கினார். மாலையும் கதருமாக, சேரி மக்கள் புடைசூழ, ஊர்க்கோயில் வாசற்படியில் கால் வைக்கிற படம். பேரனும் சளைத்தவரில்லை. தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழியை ஆண்டுதோறும் மைக்கில் வாசிப்பவர். கோயில் கதவைத் திறந்துவிட்ட குடும்பம் அது. தோப்புக்கும் ஒரு கேட் உண்டு, ஆனால் அது படத்தில் இல்லை.

இந்த வருடம் மாசி மகத்துக்கு அவர் மாமல்லபுரம் கடற்கரையில் மேடை போட்டார். இருளர் மக்களுக்குச் சேலையும் சாப்பாடும் வழங்கும் விழா. தலைமை வகிப்பவர் கோட்டாட்சியர். குழு உறுப்பினர்களுக்கு முன்வரிசை.

மகத்துக்கு இருளர்கள் எங்கெங்கிருந்தோ வந்து, நாலு குச்சி நட்டுப் பழைய புடவையைச் சுற்றிக் கடற்கரையில் குடியேறிவிடுவார்கள். விடியற்காலையில் கடலில் குளித்து, ஈர மணலில் ஏழு படி கட்டி, அதையே கன்னியம்மனாகக் கும்பிடுவார்கள். கல்யாணம், காதுகுத்து, பெயர் வைப்பது எல்லாம் அந்த மணல் முன்னால்தான். இந்த அம்மனுக்குக் கதவு கிடையாது என்பதால் ஆலய நுழைவு நடத்த வழியில்லை. சீர்திருத்த வருகிறவர்கள் சேலை கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

நல்ல நாற்காலி கிடைக்கட்டும் என்று நான் மத்தியானமே போய்விட்டேன். நடுவயதுப் பெண் ஒருத்தி எதிரே வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். தோப்பில் குழுவுக்குப் பதில் சொன்னவள்.

"அன்னிக்கு டீ குடிக்கப் போனீங்களே, அந்த சாருதான நீங்க?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

"விடிஞ்சா எம்பொண்ணுக்குக் கண்ணாலம் சார். மாப்ள வந்துட்டாரு, தாலி வந்துட்டுது. பொண்ணுதான் வர்ல."

"எங்கே இருக்கா?"

"தோப்புல. இந்த வாட்டி அவதான் இருக்கணும்னுட்டான் மேஸ்திரி. நான் இருக்கறேன், அவள வுடுறான்னேன். நீ கெழவி, உன்ன வச்சிகினு நான் இன்னா பண்றதுன்றான்."

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய் குறுக்கே விழுந்தாள். "வேணும்னா எம்புள்ளய தோப்புக்கு அனுப்பட்டா? தாலிய கட்டிட்டு அவனும் அங்கயே மரம் வெட்டிகினு கெடக்கட்டும். இந்த மகத்த வுட்டா அடுத்த மகம்தான், சொல்லிட்டேன்."

எனக்கு நடைமுறை தெரியும். கோட்டாட்சியருக்கு மனு கொடுக்க வேண்டும், அவர் விசாரணைக்கு உத்தரவிடுவார், வருவாய் ஆய்வாளர் தோப்புக்குப் போவார், அவருக்கும் அங்கே டீ கொடுப்பார்கள். இத்தனைக்குள் பௌர்ணமி தேய்ந்துவிடும். விளக்கமாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தப் பெரிய சாரு எங்க இருப்பாரு?"

"சாயங்காலம் இந்த மேடையில இருப்பாரு."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. இருவரும் மேடையைப் பார்த்தோம்.

"ஏம்மா, அவர்கிட்ட கேக்காதீங்க. முதலாளிகிட்ட கேளுங்க. மைக் பக்கத்துல நின்னு கேளுங்க."

சாயங்காலம் கோட்டாட்சியருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முதலாளி தன் பேச்சைத் தாத்தாவில் தொடங்கி, கோயில் படிகளில் ஒவ்வொன்றாக ஏறி, உள்ளே போய், நாடு எப்படி அன்றே சமத்துவம் அடைந்துவிட்டது என்று முடித்தார். சேலை வாங்க வரிசை நகர்ந்தது. அவள் முறை வந்தது. கையை நீட்டவில்லை.

"பொடவ வேணாம் மொதலாளி. தோப்புல கீற எம்பொண்ண வுடுங்க. விடிஞ்சா கண்ணாலம்."

மைக் அதைக் கடல்வரை கொண்டுபோனது.

முதலாளி சொல்லியிருக்கலாம்: யார் பிடித்து வைத்தது, அவள் எப்போது வேண்டுமானாலும் வரலாமே என்று. நல்ல வக்கீல் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார். ஆனால் எதிரே அவ்வளவு கூட்டம், பக்கத்தில் அதிகாரி, அவரே ஏற்பாடு செய்த வீடியோகாரர், தலைக்குமேல் தாத்தாவின் படம் போட்ட பேனர். அந்தக் குடும்பத்துக் கை மைக்கைப் பிடித்தால் யாரையாவது விடுவிக்காமல் இருக்காது.

"இதோ! இந்த நிமிஷமே அந்தப் பொண்ண நான் விடுதலை பண்றேன்! யாருப்பா அங்க, மேஸ்திரிக்குப் போன் போடு. கேட்டத் தொறந்து விடச் சொல்லு! நம்ம வேன்லயே கூட்டிட்டு வரச் சொல்லு!"

கைதட்டல் எழுந்தது. நானும் பலமாகத் தட்டினேன். பிறகு மேடையேறிக் கோட்டாட்சியர் பக்கம் குனிந்தேன்.

"சார், விடுதலை பண்றேங்கறார்."

"நல்ல மனுஷன்," என்றார் அவர்.

"விடுதலை பண்ணணும்னா முன்னால பிடிச்சு வச்சிருக்கணும் சார்."

அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். "மேடையில பேசறதெல்லாம் கணக்குல வருமா சார்?"

"உங்க முன்னால சொல்லியிருக்கார். வீடியோவும் அவரே எடுக்கறார். கொத்தடிமை இல்லன்னு நிரூபிக்கற பொறுப்பும் சட்டப்படி அவரோடதுதான். தோப்பும் இந்தக் கடற்கரையும் ஒரே கோட்டம், உங்க கோட்டம்."

விழாவுக்கு வந்த இடத்தில் வேலை பார்க்க நேர்வது எந்த அதிகாரிக்கும் வருத்தம்தான். ஆனாலும் அவர் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினார். அந்தத் தாயையும் தோப்பிலிருந்து வந்த மற்றவர்களையும் தனியே உட்காரவைத்துக் கேட்டார். நான் கூட நின்றேன். இந்த முறை பதிலின் இரண்டாம் பாதியையும் கேட்டார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வேன் வந்து நின்றது. மணப்பெண் இறங்கினாள். கையில் சவுக்குப் பிசின் ஒட்டியிருந்தது. மாப்பிள்ளையின் தாய் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "போயி மணல் போட்டுத் தேயி. இத்தோட எம்புள்ள கையப் புடிச்சின்னா ஒட்டிகினு, வுட்டு வராது," என்றாள்.

கோட்டாட்சியர் மணப்பெண்ணின் தாயிடம் கடைசியாகக் கேட்டார். "கல்யாணம் முடிஞ்சு தோப்புக்குத் திரும்பிப் போக இஷ்டமா?"

"எதுக்கு சார்? அங்க இருந்தது எம்பொண்ணு. அவதான் வந்துட்டாளே." அதையும் அவர் வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டார்.

விடியற்காலையில் மணலில் ஏழு படி எழும்பியது. கற்பூரம் காற்றில் ரெண்டு தரம் அணைந்து மூன்றாம் தரம் நின்றது. தாலி ஏறியது. எனக்கும் ஒரு பூ கொடுத்தார்கள். எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ரோட்டோரம் முதலாளியின் வேன் இவர்களைத் திருப்பி அழைத்துப்போக நின்றுகொண்டிருந்தது. விடுதலை வேறு, வேலை வேறு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஆரன் அடித்து அலுத்துப்போன டிரைவர் மணலில் இறங்கி வந்தான்.

"இன்னாம்மா, வர்றீங்களா இல்லியா? மொதலாளி கேட்டா நான் இன்னா சொல்றது?"

அவள் கல்யாணச் சோற்றில் ஒரு இலை அவனுக்கும் போட்டாள். "குந்து நைனா, துன்னுட்டுப் போ. வுட்டுட்டேன்னு மைக்ல சொன்னாரில்ல, அத அவருக்கே சொல்லு."