நாற்பத்தேழு பதினாறு

மகள் புதுப் போன் வாங்கித் தந்தாள். "மறக்காத நாலு நம்பர் சொல்லுங்கப்பா, பூட்டு போடணும்" என்றாள். யோசிக்காமலே வந்தது, நாற்பத்தேழு பதினாறு.

நான் நெல் ஏற்றிப் போன லாரியின் நம்பர். சொன்னதுமே ஈரச் சாக்கு வாடை மூக்கில் ஏறியது. கூடவே அந்தப் பயமும்.

அப்போது இவள் அம்மா வயிற்றில் நாலு மாதம். திருவிடைமருதூர் லாரி செட்டில் ஒரு அம்மா பெஞ்சில் உட்கார்ந்து டிரைவர்களிடம் கேட்டு எழுதினார். எய்ட்ஸ் கணக்கெடுப்பு. வெளியூரில் பெண்களிடம் போவதுண்டா, உறை போட்டீர்களா. யார் என்ன கேட்டாலும் பொய் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"பேரு வேணாங்க. மறுபடி வந்தா அடையாளத்துக்கு, மறக்காத நாலு நம்பர் சொல்லுங்க, போதும்" என்றார்.

பேர் இல்லை என்ற தைரியத்தில் உள்ளதைச் சொன்னேன். போனதுண்டு. உறை போட்டதில்லை. நம்பரும் சொன்னேன்.

நெல் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல் வண்டிகள் நின்றன. முன்வண்டி டிரைவர் முத்துப்பேட்டை காதரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"வண்டி நம்பரையா குடுத்த? அதுதான் முன்னாடியும் பின்னாடியும் எழுதியிருக்கே மாப்ள! நோட்டீஸே அடிச்சு ஒட்டியிருக்கலாம்."

உங்களுக்கும் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. அந்த நம்பர் ரைஸ்மில் முதலாளிக்குத் தெரியும். மாமனாருக்கும் தெரியும். கேட் திறந்ததும் நெல்லோடு வண்டியை லாரி செட்டுக்கே திருப்பினேன்.

அந்த அம்மா நம்பரை அடித்துவிட்டு வேறு எழுதினார். பிறகு கேட்டார்: "இதுக்கு இவ்வளவு பயப்படுறீங்களே, ரத்தம் பாத்தீங்களா?"

வெளியே தெரிந்துவிடும் என்றுதான் அதுவரை பயந்தேன். உள்ளே இருக்குமோ என்று தோன்றவே இல்லை.

கும்பகோணத்தில் சோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். இல்லை என்றார்கள். மூணு மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் உறுதியாம். அந்த மூணு மாதமும் முதுகுவலி என்று தனியாகத் தரையில் படுத்தேன். மனைவி எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வருவாள், வேண்டாம் என்பேன். இருமல் வந்தாலே அதுதானோ என்று தோன்றும். ஏற்கெனவே அவளுக்கும் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டேனோ? அவள் வயிறு வளர்ந்துகொண்டே இருந்தது.

இரண்டாம் தடவையும் இல்லை. அன்று கட்டிலில் படுத்தேன்.

லாரி செட் இப்போது கல்யாண மண்டபம். வண்டி காயலான் கடைக்குப் போய்விட்டது. அந்த அம்மாவை அப்புறம் பார்க்கவில்லை.

"என்ன நம்பர்ப்பா இது?" என்றாள் மகள்.

அடுப்படியிலிருந்து அவள் அம்மா சொன்னாள்: "பழைய வண்டி நம்பருடி. அதை ஓட்டித்தான் உங்கப்பாவுக்கு முதுகு போச்சு. நீ வயித்துல இருந்தப்ப மூணு மாசம் தொடவே விடல. அப்புறம் என்னவோ, ஒரே நாள்ல சரியாப் போச்சு."

மகள் என்னைப் பார்த்தாள்.

"இது வேணாம்மா. வேற போடு" என்றேன்.