பேசக் கூடாத பரீட்சை

குடவாசல் கடைத்தெருவில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உள்ளே சின்ன அறையில் இரண்டு கம்ப்யூட்டர். சிட்டா எடுக்க, ஹால் டிக்கெட் எடுக்க, ஸ்காலர்ஷிப்புக்குப் பதிய என்று வருகிறவர்கள்தான் அதிகம். கேம் விளையாட என்று எவனாவது வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். தஞ்சாவூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள் நான். பிறந்த வீட்டுச் சீரில் பொறுமையை மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட என் கடையில்தான் செம்மொழி ஒரு கேம் செய்தாள். முதல் நாள் எட்டிப் பார்த்தபோது திரையில் பச்சையாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடி அது?"

"கேமுக்கா."

"எந்திரி."

"வெளையாடலக்கா. செய்யறேன்."

அவள் சொன்ன விதத்தில், எழுப்பிவிட நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஊர் அவளுடையது. தாத்தா காலம்வரை பண்ணையில் கூலி வேலை. அப்பா வீரையன் தலையெடுத்துத்தான் சொந்தமாக வயல் வந்தது, அதுவும் வாய்க்காலின் கடைசியில், கடைமடையில். எல்லார் வயலும் குடித்து மிஞ்சினால்தான் அங்கே தண்ணீர். அம்மா அம்சம் நூறு நாள் வேலைக்கும் போவார், நடவுக்கும் போவார். செம்மொழி திருவாரூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து முடித்திருந்தாள்.

என்ன படிக்க வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. கேமுக்குப் படம் வரைகிறவர் வேறு, புரோகிராம் எழுதுகிறவர் வேறு, ஆடுகிறவன் எந்த இடத்தில் என்ன செய்வான் என்று யோசித்து அதை அமைக்கிறவர் வேறு. அவளுக்கு அந்த மூன்றாவது வேலைதான் வேண்டும். அதற்கு பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் இரண்டு வருடப் படிப்பு. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், சொந்தமாக ஒரு கேம் செய்து காட்ட வேண்டும், கடைசியாக நேர்காணல். தேர்வில் தேறிவிட்டாள். இந்தத் துறையில் வேலை பார்க்கிறவர்களைத் தேடிப் பிடித்துக் கேள்வி கேட்டு, எந்த வேலைக்கு எதைப் படிக்க வேண்டும் என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தாள்.

அவள் அப்பாவிடம் மட்டும் எந்தக் கணக்கும் எடுபடவில்லை.

"ஊரு ஒலகத்துல புள்ளைவொ வெளையாடக்கூடாதுன்னு அடிக்கிறாங்க. நான் வெளையாட்டுப் படிக்க வைக்கணுமா?" என்பார் வீரையன். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். மகள் டீச்சரானால் கண்ணெதிரே இருப்பாள், ஊரில் ஒரு மரியாதை, வானம் பொய்த்தாலும் சம்பளம் வரும். அவருக்குத் தெரிந்த உலகத்தில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. பி.எட். சேர்க்கத் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லியும் வைத்திருந்தார். நேர்காணலில் கிடைத்தால் பெங்களூர், கிடைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் பி.எட். என்று அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு. அந்த கேமை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அம்சம் கூப்பிட்டபோதும், "எங்கிட்ட காட்டாத" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டாராம்.

நேர்காணல் என் கடையில்தான். அவர்கள் ஊரில் போனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, அவர்கள் வாய்க்காலுக்கு இன்னும் வரவில்லை என்ற சமயம். வீரையன் காலில் சேறு காய்ந்திருக்க மகளை பைக்கில் கொண்டுவந்து இறக்கினார். வயலில் அம்சத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். உட்காருவதும், வாசலுக்குப் போய், "வந்துச்சா? இல்லையா? சரி" என்று போன் பேசுவதும், திரும்ப வந்து உட்காருவதுமாக இருந்தார். அறையின் மின்விசிறி போதாது என்று கதவைத் திறந்தே வைத்திருந்தோம். அவர் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து திரை நன்றாகத் தெரிந்தது.

அந்தப் பக்கம் இரண்டு பேர். தலைமை வகித்த அம்மா, பக்கத்தில் ஓர் இளைஞர். பேச்செல்லாம் இங்கிலீஷ். அந்த அம்மா நிபந்தனையைச் சொன்னார். இளைஞர் கேமை ஆடுவார். ஆடி முடிக்கும்வரை செய்தவள் வாயைத் திறக்கக் கூடாது. கடையில் வாங்கியவன் வீட்டில் நீ போய் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க முடியாது அல்லவா, உன் கேமே பேசட்டும் என்றார். பக்கத்தில் இருக்கிறவர்களும் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். செம்மொழி தலையாட்டினாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. வயல், நடுவில் ஒரு ஆள், வரப்போரம் ஒற்றைப் பனைமரம், காய்ந்த வாய்க்கால், வாடத் தொடங்கும் நாற்று. வாய்க்கால் வழியே மேலே நடந்து போனால் ஓரிடத்தில் வெங்காயத்தாமரை அடைத்திருக்கும், ஓரிடத்தில் கரை உடைந்து தண்ணீர் வீணாகும். எல்லாவற்றையும் சரிசெய்து தண்ணீரைக் கடைமடைக்குக் கொண்டுவர வேண்டும். ஊரில் அம்சம் ஆடினார், நடவுப் பெண்கள் ஆடினார்கள், தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஆடினார்கள். ஒருவர்கூடத் திணறியதில்லை என்று செம்மொழி சொல்லியிருந்தாள்.

இளைஞரின் ஆள் வயலிலேயே நின்றான்.

இடது பக்கம் நடந்தான். வலது பக்கம் நடந்தான். நாற்றை மிதித்தான். பனைமரத்தைச் சுற்றி வந்தான். திரும்ப நடுவில் வந்து நின்றான். நாற்றின் நுனி மஞ்சளானது. செம்மொழியின் முதுகு விறைத்துக்கொண்டு போவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் வரவில்லை என்றால் மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஊரில் சொல்லித் தெரிகிற விஷயமே இல்லை. மூச்சு விடு என்று யாராவது எழுதி வைப்பார்களா? அவளும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. சோதித்துப் பார்த்த அத்தனை பேரும் வாய்க்காலில் வளர்ந்தவர்கள். பிறந்ததிலிருந்து குழாயில் தண்ணீர் பிடித்த மனிதர் இப்போதுதான் முதல் தடவை அந்த வயலில் நிற்கிறார்.

மஞ்சள் தண்டுக்கு இறங்கியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேல போயி பாக்கச் சொல்லும்மா."

வீரையன்தான். எப்போது எழுந்தாரோ, கதவுக்குள் வந்து நின்றிருந்தார். "ஏன் நின்னுக்கிட்டே இருக்காரு? அது நம்ம வயலு. நம்ம பனைமரம். கருகுது பாரு, மேல போகச் சொல்லு."

ஆட்டம் நின்றது. அந்த அம்மாவின் முகம் மாறியது. யார் அது, என்ன சொன்னார் என்று கேட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இவ்வளவு நாள் பார்க்க மாட்டேன் என்ற மனுஷன், வாயைத் திறக்கக் கூடாத அந்த ஒரு நேரத்தில் திறந்துவிட்டார். நெட் கோளாறு, கேம் பாதியில் நின்றுவிட்டது, ஏதோ கடைக்கு வந்த ஆள் என்று இவள் சமாளித்துவிட்டால் தேவலை என்று வேண்டிக்கொண்டேன். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

செம்மொழி, "என் அப்பா" என்றாள். அவர் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். "கேமில் கோளாறு இல்லை. என் தப்பு. எல்லாரும் மேலே போய்ப் பார்ப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்" என்றாள்.

அந்த அம்மா இளைஞர் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினார். இன்னும் சிலரைப் பார்க்க வேண்டியிருக்கிறது, எல்லாரும் முடிந்த பிறகு இன்றே உன்னை மறுபடி கூப்பிடுகிறோம், இப்படி நேர்ந்ததை மறந்துவிட மாட்டோம், ஆனால் ஒரு வாய்ப்புத் தருகிறோம் என்றார். அதற்குள் கேமைத் திருத்த வேண்டும். எழுத்து கூடாது. அம்புக்குறி கூடாது. அந்த ஆளை அவனாகவே வரப்பில் ஏறி மேலே போக வைக்க வேண்டும்.

திரை அணைந்ததும் வீரையன், "நான் கெடுத்துட்டனா பாப்பா?" என்றார்.

"வெளில போயி இருங்கப்பா." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் வாசலில் போய் பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பரிதாபப்பட அப்போது நேரமில்லை.

செம்மொழி என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க வயல்ல எறங்கியிருக்கீங்களா?"

"எதுக்கு எறங்கணும்?"

"அப்ப நீங்கதான் வெளையாடணும்."

கடையில் இரண்டு பேர் ஜெராக்ஸுக்கு நின்றார்கள். அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். மேல்பக்கம் கொக்குக் கூட்டம் ஒன்றைப் பறக்க விட்டிருந்தாள். தண்ணீர் இருக்கும் இடத்தில்தானே கொக்கு இறங்கும் என்று நினைத்தாளாம். அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நாற்று கருகியது. அடுத்து, தூரத்தில் தண்ணீர் விழும் சத்தம் வைத்தாள். என் மின்விசிறி சத்தம் என்று நினைத்தேன். மறுபடி கருகியது. அவள் என் பின்னால் கல் மாதிரி நின்றாள், ஒரு சொல் இல்லை. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

"மொதல்லேந்தே வராத தண்ணிய நான் எங்கடி போயி தேடறது? எங்க தெருவுல கொழாவுல தண்ணி வரலன்னா கொடத்தக் கவுத்து வச்சிட்டுப் பேசாம வந்துருவேன். வந்துக்கிட்டு இருக்கறது பாதில நின்னாத்தான் எவன் அடைச்சான்னு சண்டைக்கிப் போவேன்."

அவள் நாற்காலியோடு என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். விரல்கள் பறந்தன. எத்தனை தடவை அழித்தாளோ, எத்தனை தடவை எழுதினாளோ. முடித்து என்னை உட்கார வைப்பதற்குள் பெங்களூரிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. யாரும் ஆடிப் பார்க்காத கேம் போய்ச் சேர்ந்தது.

வீரையன் கதவருகே வந்து நின்றார். ஆடும்போது யாரும் பேசக் கூடாது என்று நான் சொன்னதும், துண்டை உருட்டி வாயில் வைத்துக்கொண்டார்.

வயல். பனைமரம். நடுவில் ஆள். இந்தத் தடவை வாய்க்காலில் நூல் போலத் தண்ணீர் வந்தது. மடையில் நுழைந்தது. முதல் வரிசை நாற்றைத் தொட்டது, நாற்று நிமிர்ந்தது. இரண்டாவது வரிசைக்குப் பாதி வந்ததும் மெலிந்தது. நின்றது. வந்த ஈரமும் உறிஞ்சிப் போனது.

இளைஞரின் ஆள் நின்றான். செம்மொழி மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. அவன் நாற்றுக்குப் பக்கத்தில் போனான். மடைக்குப் போனான். குனிந்து பார்த்தான். திரும்பி வயலின் நடுவுக்கே வந்தான். எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. போடா, யாரோ அடைச்சிட்டான், போய்க் கேளுடா என்று மனதுக்குள் கத்தினேன். அம்சத்தின் அழைப்பு வீரையன் சட்டைப்பையில் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. தண்ணீர் வந்ததா என்று கேட்கக்கூட அந்த மனிதர் நகரவில்லை.

அந்த ஆள் மறுபடி மடைக்குப் போனான். கொஞ்சம் நின்றான். பிறகு வரப்பில் ஏறினான். வாய்க்காலை ஒட்டி, ஓட்டமும் நடையுமாக மேலே போனான்.

அந்த இளைஞர் ஏதோ முணுமுணுத்தார். என்ன சொன்னார் என்று அப்புறம் செம்மொழியைக் கேட்டேன். "என் தண்ணியை யார் நிறுத்தினது" என்றாராம்.

முடிவு பத்து நாள் இழுத்தது. அந்தப் பத்து நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்சம் என்னிடம் புலம்பினார். மெயில் வந்ததும் என் கடையில்தான் பார்த்தாள். இடம் கிடைத்திருந்தது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். நான் அழுததை யாரிடமும் சொல்லாதே என்று கண்டித்து வைத்தேன். பி.எட். வேண்டாம் என்று அந்தத் தெரிந்தவரிடம் வீரையனே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அவள் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். கும்பகோணம் பஸ், அங்கிருந்து ரயில். அம்சம் ஜன்னல் வழியே ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாடு, தலைக்குக் குளிப்பது, யாரிடமும் வம்புக்குப் போகாமல் இருப்பது. வீரையன் பக்கத்தில் நின்றார். மகளையே பார்த்தார். ஒரு வார்த்தை வரவில்லை. டிரைவர் ஏறி உட்கார்ந்தார், வண்டி உறுமியது, அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

"பத்திரமா இருன்னாவது சொல்லக் கூடாதாண்ணே?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அழுகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அது வெளையாட ஆரம்பிச்சிருச்சு தங்கச்சி. இனிமே நாம பேசக் கூடாது."