வந்துச்சா சார்

"வந்துச்சா?" என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். மறுமுனையில் "வந்துடுச்சு" என்றதும் தாளில் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்துகிறார். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சின்ன இன்டர்நெட் கம்பெனியில் மின்னஞ்சலைக் கவனித்துக்கொள்பவர் அவர் ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். வாடிக்கையாளர்களுக்கு அவர் 'வந்துச்சா சார்'.

மெயில் போய்ச் சேர்ந்ததா என்று மெஷினே சொல்லிவிடும். அவருக்கு அது போதாது, ஆள் வாயால் கேட்க வேண்டும். "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு லெட்டர் போட்டாரு. அது வர்றதுக்குள்ள இவரே வந்து நின்னு 'வந்துச்சா'ன்னாரு," என்கிறார் அவர் மனைவி.

கம்பெனியின் பழைய மெயில் மெஷின் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் புதிய இடத்துக்கு மாற்றத் திட்டம் போடும் வேலை இவர் தலையில் விழுந்தது. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு மெயில் பெட்டிகள். நாளைக்கு இருபது என்று பிரித்துக்கொண்டு, முதலில் தன் பெட்டியையும் அடுத்ததாக முதலாளியின் பெட்டியையும் மாற்றினார். "முதல்ல நாம இறங்கிப் பாப்போம். ஆழம் தெரிஞ்சப்புறம் மத்தவங்களை இறக்கலாம்." அன்று முழுக்க முதலாளிக்கு ஒரு மெயில்கூட வரவில்லை. "ஆழம் தெரிஞ்சுதா?" என்று அவர் வந்து நிற்க, இவர் நிமிராமல் "இடுப்பளவு சார்" என்றாராம்.

வருடக்கணக்கில் திறக்காத பெட்டிகளை விட்டுவிடலாம் என்பது முதலாளியின் யோசனை. "பூட்டியிருந்தா காலி வீடுன்னு அர்த்தமா சார்?" என்று கேட்டு, மாதக் கடைசிவரை தவணை வாங்கினார். ஒவ்வொரு பெட்டிக்காரரையும் தேடிப் பிடித்துக் கூப்பிட ஆரம்பித்தார்.

அப்படித்தான் என் புது நம்பரை எங்கோ விசாரித்து என்னையும் கூப்பிட்டார். "மூணு வருஷமா நீங்க திறக்கலம்மா. மூடிடலாமா?" மூடுங்கள் என்றேன். மறுநாளும் கூப்பிட்டார். "பாக்காம சொன்னா நான் மூடறதில்லம்மா." தாராளமாக மூடுங்கள் என்றேன். மாதத்தின் கடைசி நாள் மூன்றாம் தடவை. "சாயங்காலம் பழைய மெஷினை அணைக்கறோம். இந்த அட்ரஸை யார் யாருக்குக் குடுத்தீங்கன்னு மட்டும் ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்கம்மா."

யோசித்தேன். அந்த முகவரியைத் தொடங்கிக் கொடுத்ததே என் தம்பிதான். இரண்டு வருடத்துக்கு முன் என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனவன். பிறகு நான் வீடும் மாறி, போன் நம்பரையும் மாற்றிவிட்டேன். அவனை எங்கெங்கோ தேடியவளுக்கு இந்தப் பெட்டி ஞாபகத்துக்கே வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். புதிய பாஸ்வேர்டை நான் தட்டும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி திறந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். அடுத்தவர் மெயில் திரையில் இருக்கும்போதெல்லாம் அப்படித்தானாம். "இது இல்லைன்னா எனக்கு எல்லாம் கொசகொசன்னுதான் தெரியும். நீங்க பாருங்கம்மா."

ஆயிரத்துச் சொச்சம் விளம்பரங்கள். அவற்றுக்கு நடுவே, நாற்பது நாளுக்கு முன் வந்த ஒன்று: 'அக்கா, நான்தான்.'

இரண்டு தடவையும் என் பேச்சைக் காதில் வாங்காத அந்த மனிதருக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? திறந்த கடிதத்தில் ஒரு எழுத்தும் தெரியாமல் கண் நிறைந்துவிட்டது.

"சார், என்னால முடியல. நீங்களே படிங்க."

"நான் யாரோட மெயிலையும் படிக்கறதில்லம்மா."

"என் தம்பி சார்."

அவர் மேசையைத் தடவிக் கண்ணாடியை எடுத்து, சட்டை நுனியில் இரண்டு தரம் துடைத்து, மாட்டிக்கொண்டார்.