போட்டு வாறன்

அருள்நாயகம் கெட்டிக்காரர் அல்ல. அதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது அவரைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் அவரை ஏதோ மகான் ஆக்கிவிடுகிறார்கள். கனடாவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், ஒரு பேக்கரியில் மாப் பிசைந்தவர். கடை வாசலில் இலவசமாக அடுக்கி வைத்திருக்கும் தமிழ்ப் பேப்பரைக்கூட "எடுக்கலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். அவ்வளவு மரியாதை. அந்த மரியாதைதான் அவரைத் தின்றது.

நான் அப்போது குடிவரவு விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர். 1992, மாசி மாதம். அவருடைய அகதி வழக்கு ஏற்கனவே தோற்றுப்போயிருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர்தான், ஆனால் கொழும்பில் மூன்று வருடம் இருந்தவராம். அங்கேயே இருக்கலாம்தானே என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

மிச்சம் இருந்த கேள்வி ஒன்றுதான்: எப்படிப் போவது? குறித்த தேதிக்குள் தானாகவே போய்விடுவார் என்று அதிகாரி நம்பினால் 'டிப்பாச்சர் நோட்டீஸ்'. இங்கே நிரந்தரமாய் இருக்க உரிமை பெற்ற மனைவி ஸ்பொன்சர் செய்து, ஒன்றரை வருடத்தில் திரும்பி வரலாம். நம்பாவிட்டால் 'டிப்போட்டேசன்'. அதற்குப் பிறகு அமைச்சரின் அனுமதி இல்லாமல் ஆயுளுக்கும் இந்த மண்ணை மிதிக்க முடியாது. மனைவி கிளடிஸ் ஆறு மாதக் கர்ப்பிணி. பின்வரிசையில், குளிர்க்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டிக்கெற் எடுத்தாயிற்று, பாஸ்போட் மேசையில் இருந்தது. கடைசியாக அதிகாரி, மார்ச் இருபதுக்கு முன்னர் கனடாவை விட்டுப் போவாரா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

அருள்நாயகம் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

"ஓம் ஐயா. போட்டு வாறன்."

எங்கள் ஆட்களில் எவர் "போறன்" என்று சொல்லியிருக்கிறார், சொல்லுங்கள் பார்ப்போம்! கடைக்குப் போனாலும் போட்டு வாறன், கப்பல் ஏறினாலும் போட்டு வாறன். செத்த வீட்டில் மட்டும்தான் அப்படிச் சொல்லாமல் எழும்பி வருவோம். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

ஆனால் இரண்டு கிழமைக்கு முன்னர்தான், ஒரு கிழவருக்காக நான் விளக்கம் சொல்லப் போய், இதே அதிகாரி எல்லாருக்கும் முன்னால் என்னை ஏசியிருந்தார். சொன்னதை மட்டும் சொல், உன்னிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை என்று. அந்த எரிச்சல் எனக்குள் கிடந்தது. சரி, சொன்னதையே சொல்கிறேன், பிடி என்று, "போய்விட்டுத் திரும்பி வருவேன்" என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் கொடுத்தேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். திரும்பி வருவாரா, எப்போது என்று கேட்டார். அதையும் தமிழாக்கினேன்.

பாவி மனுசன் சிரித்தார். "மனிசி பிள்ளைத்தாச்சி ஐயா. கெதியா வந்திடுவன்." 'சீக்கிரம் வந்துவிடுவேன்' என்று அதையும் அப்படியே ஆங்கிலத்தில் கொடுத்தேன்.

ஸ்பொன்சரைப் பற்றித்தான் சொல்கிறார் என்று அவருடைய வெள்ளைக்கார வழக்கறிஞர் எழும்பினார். போன கையோடு களவாய்த் திரும்பி வரப்போகிறார் என்றே எடுத்துக்கொண்ட அதிகாரி காது கொடுக்கவில்லை. அது விடைபெறும் வார்த்தை என்று நான் ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் டிப்போட்டேசன் ஓடர் வந்தது. அருள்நாயகம் எனக்கும் தலை குனிந்து நன்றி சொன்னார்.

வைகாசியில் நிலக்சி பிறந்தாள். அவர் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தபடி போட்டோவில் பார்த்தார். கிளடிஸ் இரண்டு தரம் அமைச்சருக்கு விண்ணப்பித்தாள். இரண்டு தரமும் மறுப்புத்தான் வந்தது.

1996இல் நான் விசாரணை வேலையை விட்டு, ஸ்காபரோவில் ஒரு பிளாசா மாடியில் பத்திரங்கள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கிளடிஸ் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். மேசையில் விவாகரத்துப் பத்திரத்தை வைத்தாள்.

"அவருக்கு இங்கிலிஸ் விளங்காது. தமிழில வேணும், அக்கா. எனக்கும் முப்பத்திநாலு. வின்சன்ற் எண்டு ஒருத்தர் கேக்கிறார், நல்ல மனுசன்."

நான் பத்திரத்தை அவள் பக்கமே தள்ளி வைத்தேன். "இதுக்கு ஏன் என்னட்ட வந்தனீர்? வேற எத்தினை பேர் இருக்கினம்."

"உங்களிட்டத்தான் குடுக்கோணும் எண்டு வந்தனான்," என்றாள். குரலில் கோபமே இல்லை. "நீங்கள் ஒரு சொல்லும் மாத்த மாட்டியள்தானே."

பிள்ளை என் ஸ்டேப்ளரை எடுத்து அமத்தி விளையாடிக்கொண்டிருந்தது. நான் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

மூன்று மாதம் கழித்து அவள் திரும்பவும் வந்தாள். எல்லாப் பக்கத்திலும் அவர் கையெழுத்து வைத்திருந்தார். கூடவே ஒரு துண்டுக் கடிதம். அதை என் முன்னால் விரித்து வைத்தாள்.

'பத்திரம் கிடைத்தது. தமிழ் வடிவாக விளங்கினது. எழுதின ஆளுக்கு என்னுடைய நன்றியைச் சொல்லவும்.'

"சொல்லச் சொன்னவர்," என்றாள் கிளடிஸ். "சொல்லிப்போட்டன்."